பார்த்துத் திருடிக்கொள்ளும் தொழில் அல்ல இது

“தொழிலை யாரும் சொல்லித்தர மாட்டாங்கப்பா. கோர்ட்ல உட்கார்ந்து பாரு. பார்த்துத் திருடிக்கணும். நாங்க எல்லாம் அப்படித்தான் வந்தோம்.”

பார் கவுன்சிலில் பதிவை முடித்துவிட்டுக் கறுப்பு அங்கியோடு நீதிமன்ற வளாகத்துக்குள் வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்த உபதேசம் கிடைக்கிறது. வழக்கறிஞர் சங்க அறையில் சொல்கிறார்கள், கேன்டீனில் சொல்கிறார்கள், பாராட்டு விழா மேடையில் சொல்லிக் கைதட்டலும் வாங்குகிறார்கள். கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது. இது உண்மை இல்லை. சொல்லிக்கொடுக்கக் கடமைப்பட்டவர்கள் அந்தக் கடமையிலிருந்து நழுவுவதற்கு வசதியாக இருப்பதால் மட்டுமே இது இத்தனை காலம் உயிரோடு இருக்கிறது.

மருத்துவமனை, பள்ளிக்கூடம், மென்பொருள் அலுவலகம் என்று எல்லா இடத்திலும் இதே பேச்சு வேறு வேறு வடிவில் உலவுகிறது. எனக்குத் தெரிந்த இடம் நீதிமன்றம். ஆகவே அதை வைத்தே பேசுகிறேன்.

பார்த்தால் போதும் என்கிறார்களே, பார்ப்பவருக்கு என்ன தெரியும்? அடிதடி வழக்கு ஒன்றில் சீனியர் குறுக்கு விசாரணைக்கு எழுகிறார் என்று வையுங்கள். நேரில் பார்த்த சாட்சி கூண்டில் நிற்கிறார். உங்கள் வீட்டிலிருந்து சம்பவ இடம் எவ்வளவு தூரம், தெருவிளக்கு எந்தப் பக்கம், போலீஸ் உங்களை எப்போது விசாரித்தது என்று ஏழெட்டுக் கேள்விகள். ‘நான் சம்பவ இடத்தில் இல்லை என்று சொன்னால் சரியல்ல’ என்று சாட்சியம் பதிவாகிறது. சீனியர் உட்கார்ந்துவிடுகிறார். பின்வரிசையில் இருந்த ஜூனியர் கேட்ட கேள்விகளை எல்லாம் பார்த்தார். கேட்காமல் விட்ட கேள்வியை எப்படிப் பார்ப்பார்?

அந்த வழக்கில் ஆஸ்பத்திரியின் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் ‘தெரிந்த இரண்டு நபர்கள் தாக்கியதாக’ என்று எழுதியிருக்கிறது. முதல் தகவல் அறிக்கையிலோ ஐந்து பேர் பெயர் இருக்கிறது. இந்த வேறுபாட்டை நேரில் பார்த்த சாட்சியிடம் கேட்டால் அவர் ஏதாவது ஒரு விளக்கம் சொல்லி ஓட்டையை அடைத்துவிடுவார். டாக்டர் கூண்டேறும் வரை அதைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. இந்த முடிவு முந்தின இரவு ஆபீஸில், வழக்குக் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு எடுக்கப்பட்டது. அன்றைய குறுக்கு விசாரணையின் உயிரே அதுதான். மறுநாள் கோர்ட்டில் அதற்குத் தடயம்கூடக் கிடையாது. யாராவது உட்கார வைத்துச் சொன்னால் ஒழிய, அந்த ஜூனியர் பத்து வருஷம் பின்வரிசையில் இருந்தாலும் அதைக் கற்கப் போவதில்லை. அவர் கற்பது சீனியரின் குரலை, அங்கியை இழுத்துவிட்டுக்கொள்ளும் விதத்தை, சாட்சியை முறைக்கும் முறைப்பை. இப்படி வேஷத்தை மட்டும் கற்றுக்கொண்டு வந்தவர்களை நாம் தினமும் பார்க்கிறோம்.

இன்னொன்று. போலீஸ் விசாரணையில் சாட்சி சொன்னதற்கும் கூண்டில் சொல்வதற்கும் முரண் இருந்தால், அந்தக் குறிப்பிட்ட வாசகத்தைச் சாட்சியிடமே சுட்டிக்காட்டிக் கேட்க வேண்டும். அவர் மறுத்தால், பிற்பாடு விசாரணை அதிகாரி வரும்போது அவர் வாயிலாக நிரூபிக்க வேண்டும். இதை உச்ச நீதிமன்றம் தஹசில்தார் சிங் வழக்கில் 1959-லேயே விரிவாக விளக்கிவிட்டது. முதல் பாதி ஒரு நாள் நடக்கும். இரண்டாம் பாதி பல மாதம் கழித்து, எத்தனையோ வாய்தாவுக்குப் பிறகு நடக்கும். அன்றைக்கு அந்த ஜூனியர் வேறு கோர்ட்டில் பாஸ்ஓவர் கேட்டுக்கொண்டு நிற்பார். இரண்டு பாதியையும் சேர்த்து, ‘இதற்காகத்தான் அன்று அதைக் கேட்டேன்’ என்று காட்ட ஒரு மனிதர் வேண்டாமா?

சிவில் பக்கம் வந்தால் பார்ப்பதற்கே ஒன்றும் இல்லை. வேலை முழுவதும் தாளில் நடக்கிறது. கட்சிக்காரர் வருகிறார். பக்கத்து நிலத்துக்காரர் என் இடத்தில் நுழைகிறார், தடுக்க வேண்டும் என்கிறார். ஜூனியர் நிரந்தர உறுத்துக் கட்டளை கேட்டுப் பிராது தயாரிக்கிறார். ஆனால் எதிராளி ஏற்கெனவே பதில் நோட்டீஸில், அந்த இடம் தனக்கே சொந்தம், கிரையப் பத்திரம் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். அப்படி உரிமை மீதே நிழல் விழுந்துவிட்டால் வெறும் உறுத்துக் கட்டளை போதாது, இடம் தனக்கே சொந்தம் என்று அறிவிக்கும் விளம்புகைப் பரிகாரமும் கேட்க வேண்டும். 2008-ல் அனதுலா சுதாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிய விஷயம் இது. ஜூனியர் அதைக் கேட்காமல் தாக்கல் செய்துவிட்டார். வழக்கு நம்பர் ஆகிவிடுகிறது, சம்மன் போகிறது, விசாரணையும் தொடங்கிவிடுகிறது. அதன் பிறகு பிராதைத் திருத்த நினைத்தால், உரிய கவனத்தோடு இருந்தும் முன்பே கேட்க முடியவில்லை என்று காட்ட வேண்டும். 2002-ல் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தைத் திருத்தி அப்படி இறுக்கிவிட்டார்கள். கட்சிக்காரரின் நிலம் அந்தரத்தில் நிற்கிறது. இதை எந்தக் கோர்ட் ஹாலில் உட்கார்ந்து பார்த்துக் கற்பது? பிராது டிராஃப்ட் சீனியர் மேஜைக்குப் போனபோது அவர் ஐந்து நிமிஷம் ஒதுக்கி, ‘பதில் நோட்டீஸைப் படித்தாயா? அப்புறம் ஏன் இந்தப் பரிகாரம் மட்டும் கேட்டாய்?’ என்று கேட்டிருந்தால் முடிந்திருக்கும் விஷயம்.

இன்னும் நம்பாதவர்களுக்குக் காந்தியைக் காட்டுகிறேன். லண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்று 1891-ல் ஊர் திரும்பியவர் பம்பாயில் தொழில் தொடங்கினார். உயர் நீதிமன்றத்துக்குத் தினமும் போய் உட்கார்ந்தார். நம் ஆட்கள் சொல்லும் அதே வைத்தியம். வழக்குகள் புரியாமல் அடிக்கடி தூங்கிவிட்டதாகச் சத்திய சோதனையில் அவரே எழுதியிருக்கிறார். அப்படித் தூங்கியவர் அவர் மட்டும் இல்லை என்றும் எழுதுகிறார். ஸ்மால் காஸஸ் கோர்ட்டில் மமிபாய் என்ற பெண்மணிக்காக முதல் வழக்கு. எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். தலை சுற்றியது, ஒரு கேள்வியும் வரவில்லை. உட்கார்ந்துவிட்டு, வழக்கை வேறொருவரிடம் கொடுக்கச் சொல்லிவிட்டு வெளியேறினார். பிறகு தென்னாப்பிரிக்காவில் தாதா அப்துல்லா வழக்கில், தேர்ந்த வழக்கறிஞர்களோடு சேர்ந்து ஆவணங்களைப் பிரித்து, கணக்குகளைப் படித்து, வழக்கைத் தயார் செய்தபோதுதான், ஒரு ஜூனியர் சீனியர் ஆபீஸில் கற்க வேண்டியதைத் தான் கற்றதாகச் சொல்கிறார். மனிதர் மாறவில்லை, மூளை மாறவில்லை. பார்வையாளராக இருந்தவர் வேலைக்குள் இழுக்கப்பட்டார், அவ்வளவுதான்.

‘நாங்க அப்படித்தான் வந்தோம்’ என்ற பாதி இருக்கிறதே, அதற்கும் ஆதாரம் இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் பெரிய பெயர்கள் யாரும் தாமாக முளைத்தவர்கள் அல்லர். அரசியலமைப்பு வரைவுக் குழுவில் இடம்பெற்ற அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், பி.ஆர்.சுந்தர ஐயரிடம் பயிற்சி பெற்றவர். சி.பி.ராமசாமி ஐயர், வி.கிருஷ்ணசாமி ஐயரின் ஆபீஸில் பழகியவர். 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்திலேயே, பதிவுக்கு முன் பயிற்சியும் தேர்வும் முடித்திருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. 1973-ல் நாடாளுமன்றம் அதை நீக்கியது. சட்டக் கல்வியின் தரம் உயர்ந்துவிட்டது, தனியாகப் பயிற்சி தேவையில்லை என்ற எண்ணம். தவறான எண்ணம். 1995-ல் இந்திய பார் கவுன்சில் ஓராண்டுப் பயிற்சியை மறுபடி விதியாகக் கொண்டுவந்தது. 1999-ல் சுதீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விதிகளை ரத்து செய்தது. இந்தத் தீர்ப்பைக் காட்டி, ‘பயிற்சி தேவையில்லைன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு’ என்பவர்கள் தீர்ப்பைப் படிக்கவில்லை. நாடாளுமன்றம் எடுத்துவிட்டதை விதி போட்டுத் திரும்பக் கொண்டுவர பார் கவுன்சிலுக்கு அதிகாரம் இல்லை என்பதுதான் அன்றைய தீர்ப்பு. பார் கவுன்சிலின் நோக்கத்தை நீதிமன்றம் பாராட்டவே செய்தது.

அந்தப் பயிற்சிக்குப் பதிலாக இப்போது நமக்கு இருப்பது அகில இந்திய பார் தேர்வு. 2010-ல் கொண்டுவந்தார்கள், 2023 பிப்ரவரியில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அது செல்லும் என்றது. இருக்கட்டும். ஆனால் நூறு கேள்விக்குச் சரியான விடையைக் குறித்துவிட்டு வருவது, ஒரு சாட்சியின் முன் நிற்பதற்கான தயாரிப்பு ஆகாது. தேர்வையும் பயிற்சியையும் ஒன்றாக்கிப் பேசுவதை நிறுத்துங்கள்.

சொல்லிக்கொடுப்பது என்றால் வகுப்பு எடுப்பது என்று சீனியர்கள் பயப்படுகிறார்கள். ‘எனக்கு ஏது நேரம்?’ என்பார்கள். வகுப்பு யாரும் கேட்கவில்லை. நாளைக்குக் குறுக்கு விசாரணை இருக்கிறதா? இன்றே ஜூனியரிடம் கட்டைக் கொடுத்து, ‘நீயாக இருந்தால் என்ன கேட்பாய், எழுதிக் கொண்டு வா’ என்று சொல்லுங்கள். அவர் முப்பது கேள்வி எழுதி வருவார். நீங்கள் எட்டு கேட்பீர்கள். மாலையில் ஆபீஸ் திரும்பியதும், மீதி இருபத்திரண்டும் ஏன் வேண்டாம் என்று கால் மணி நேரம் பேசுங்கள். டிராஃப்டை அடித்துத் திருத்திக் கொடுத்தால் போதாது. ஓரத்தில் ஒரு வரியில் காரணம் எழுதுங்கள். சின்ன மனுக்களில், ஒரு ஜாமீன் மனுவிலோ காலதாமத மன்னிப்பு மனுவிலோ, அவரையே வாதாட விட்டு நீங்கள் பின்வரிசையில் உட்காருங்கள். பார்க்க வேண்டியவர் ஜூனியர் அல்ல, நீங்கள். இந்த ஒரு மாற்றத்தை எந்த ஆபீஸ் செய்தாலும், ஒரே வருஷத்தில் அந்த ஆபீஸின் வேலைத்தரம் வேறாகிவிடும். நான் பார்த்த நல்ல ஆபீஸ்கள் எல்லாம் இதைச் செய்தவைதான்.

தொழில் கற்பது பற்றி உலவும் மற்ற தவறான நம்பிக்கைகள் இந்த அளவு விளக்கம் கேட்பவை அல்ல.

நம்பிக்கை: திட்டினால்தான் தொழில் வரும். கட்டைத் தூக்கி எறியும் சீனியர்களைப் பற்றிப் பெருமையாகக் கதை சொல்வது நிற்க வேண்டும். க்ளூகர், டெனிசி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1996-ல் பழைய ஆய்வுகளை எல்லாம் திரட்டி, 600-க்கும் மேற்பட்ட அளவீடுகளைப் பரிசீலித்தார்கள். குறைநிறை சொல்வது சராசரியாகப் பலன் தந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேலைத்திறன் முன்பைவிடக் குறைந்திருந்தது. சொல்லும் விமர்சனம் வேலையிலிருந்து விலகி ஆளின் மேல் திரும்பத் திரும்ப அதன் பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். ‘இந்தப் பத்தியில் பரிகாரம் தவறு’ என்பது பயிற்சி. ‘உனக்கெல்லாம் எதுக்கு இந்தத் தொழில்’ என்பது பயிற்சி அல்ல.

நம்பிக்கை: பெரிய ஆபீஸில் சேர்ந்தால் பெரிய வழிகாட்டல். இருபது ஜூனியர்கள் இருக்கும் ஆபீஸில், சீனியரிடம் நேரடியாகப் பேசவே மாதங்கள் ஆகும். ஜில்லா முன்சீஃப் கோர்ட்டில் நடுத்தரமாகத் தொழில் செய்யும் ஒருவர், வக்காலத்து போடுவதிலிருந்து நிறைவேற்று மனு வரை ஒரு வழக்கின் முழு ஆயுளையும் உங்களுக்குக் காட்டிவிடுவார். பெயர்ப்பலகையைப் பார்த்துச் சேராதீர்கள்.

நம்பிக்கை: வழிகாட்டி என்றால் சிபாரிசு செய்பவர். இல்லை. அரசு வழக்கறிஞர் பதவிக்கு யாரிடமாவது உங்கள் பெயரைச் சொல்பவர் உங்களுக்கு வேண்டியவர், அவ்வளவே.

நம்பிக்கை: அனுபவசாலிக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 2024 ஜூலை 1 அன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. ஒரே நாளில் எல்லாரும் ஜூனியர் ஆனோம். கொலைக்கு 302 என்று வாழ்நாள் முழுக்கச் சொன்ன நாக்கு 103 என்று சொல்லப் பழக வேண்டியிருந்தது. இன்னும் சிக்கலான ஒன்று: பழைய நடைமுறைச் சட்டத்தில் 482 என்றால் வழக்கை ரத்து செய்யக் கோருவது; புதிய சட்டத்தில் அதே 482 முன்ஜாமீன், ரத்து மனுவுக்கு 528. பழக்க தோஷத்தில் எண்ணை மாற்றிப் போட்ட மனுக்கள் திரும்பி வந்தன. அப்போது ஆபீஸில் ஒப்பீட்டு அட்டவணை தயாரித்துக் கொடுத்தவர்கள் யார்? இ-ஃபைலிங்கில் நம்மைக் கைப்பிடித்து நடத்தியவர்கள் யார்? ஜூனியர்கள்தான். கற்றுக்கொள்ளும் கதவை வயது வைத்துச் சாத்திக்கொள்பவர் தன் கட்சிக்காரருக்குத்தான் தீங்கு செய்கிறார்.

நம்பிக்கை: இனி எல்லாம் ஏ.ஐ. சொல்லிவிடும், வழிகாட்டி எதற்கு? 2023-ல் நியூயார்க்கில் ஏவியான்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி கற்பனையாகத் தந்த தீர்ப்புகளை உண்மை என்று நம்பித் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். அவற்றைத் தேடி எடுத்தவர் பல பத்தாண்டு அனுபவமுள்ளவர். தீர்ப்பை முழுசாகப் படிக்காமல் மேற்கோள் காட்டாதே என்பது ஆபீஸில் முதல் வாரமே பழக வேண்டிய பழக்கம். அந்தப் பழக்கம் இல்லாத கையில் எந்தக் கருவியும் ஆபத்து.

இனி, எல்லாரும் பேசத் தயங்கும் விஷயம்: பணம்.

வழிகாட்டல் பற்றி எவ்வளவு பேசினாலும், மாதம் பஸ் கட்டணத்துக்கும் காணாத தொகையைக் கையில் வைத்து அனுப்பும் ஆபீஸில் யார் தங்கிக் கற்க முடியும்? அப்பா வக்கீலாக இருக்கும் பிள்ளை தங்கும். வீட்டில் வாடகை வருமானம் உள்ள பிள்ளை தங்கும். கூலி வேலை செய்து கடன் வாங்கிப் படிக்க வைத்த குடும்பத்துப் பிள்ளை, இரண்டு வருஷத்தில் ஏதோ ஒரு கம்பெனியில் கடன் வசூல் நோட்டீஸ் அனுப்பும் வேலைக்குப் போய்விடும். பெண் ஜூனியர்களின் கதை இன்னும் கசப்பு. ‘கல்யாணம் எப்போ?’ என்று கேட்டுவிட்டுச் சேர்ப்பார்கள், டிராஃப்டிங்கில் வைத்துக்கொள்வார்கள், குறுக்கு விசாரணைக் கட்டு மட்டும் கைக்கு வராது. பிறகு, ‘பெண்கள் டிரையல் சைடுக்கு வர்றதே இல்லை’ என்று வருத்தப்படுவார்கள்.

2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கௌரவ் குமார் வழக்கில், சட்டம் சொன்ன 750 ரூபாய்க்கு மேல், பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேல், பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்றது. வாசல் திறந்தது, நல்லது. உள்ளே வந்தவர் சாப்பிட வேண்டுமே. அதற்கு முந்தின மாதமே சென்னை உயர் நீதிமன்றம் சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் தரும்படி சுற்றறிக்கை அனுப்ப மாநில பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும், நகரத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000 என்று அறிவித்தது, ஆனால் பரிந்துரையாக. பரிந்துரையை எந்தச் சீனியர் பெட்டியைத் திறந்து மதிக்கப் போகிறார்?

இங்கிலாந்தில் பாரிஸ்டர் ஆக விரும்புபவர் பன்னிரண்டு மாதம் ஒரு மேற்பார்வையாளரின் கீழ் பயிற்சி பெற வேண்டும். முதல் ஆறு மாதம் கூட இருந்து கற்பது, அடுத்த ஆறு மாதம் மேற்பார்வையில் தானே வழக்கு நடத்துவது. 2003-லிருந்து அந்தப் பயிற்சிக்குக் குறைந்தபட்ச ஊதியமாக ஆண்டுக்கு 10,000 பவுண்டு என்று கட்டாயமாக்கினார்கள். பிறகு உயர்த்தவும் செய்தார்கள். ஊதியம் கொடுக்கும் ஆபீஸ் ஆளை வீணடிக்காது. பணம் கொடுத்து வைத்தவரைக் காப்பி வாங்கவும், வாய்தா வாங்கவும் மட்டும் அனுப்ப யாருக்கும் மனம் வராது. ஜூனியரின் ஊதியத்தையும் ஜூனியரின் பயிற்சியையும் பிரித்துப் பேசவே முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

‘சின்ன ஊர் வக்கீல் எங்கிருந்து பதினைந்தாயிரம் கொடுப்பார்?’ என்ற கேள்வி நியாயமானது. அவருக்கு வழக்கறிஞர் சேமநல நிதியிலிருந்து பாதியை ஈடுகட்டலாம். அரசும் பங்கு தரலாம். சிறிய ஆபீஸின் சிரமத்தைக் காட்டி, ஒரே நாள் ஆஜராக லட்சக்கணக்கில் வாங்கும் ஆபீஸ்கள் ஒளிந்துகொள்ளக் கூடாது.

சேரப் போகும் பிள்ளைகளுக்கு: முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். மாதம் எவ்வளவு தருவீர்கள், என் டிராஃப்டை யார் பார்ப்பார், எத்தனை மாதத்தில் ஒரு சாட்சியை நானே விசாரிக்கலாம். இது திமிர் இல்லை. பதில் சொல்லத் தெரியாத ஆபீஸில் மூன்று வருஷம் கழித்து எழுந்து வருவதைவிட, அன்றே எழுந்து வருவது மேல்.

பார் கவுன்சிலுக்கு: 1973-ல் நீக்கியதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி நாடாளுமன்றத்தைக் கேளுங்கள். அது நடக்கும் வரை, மூத்த வழக்கறிஞர் தகுதிக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரிடமும், கடந்த ஐந்தாண்டில் உங்கள் ஆபீஸில் இருந்த ஜூனியர்கள் எத்தனை பேர், ஒவ்வொருவருக்கும் மாதம் எவ்வளவு கொடுத்தீர்கள், அவர்களில் எத்தனை பேர் சொந்தமாகச் சாட்சி விசாரித்தார்கள் என்று எழுதி வாங்க வேண்டும் என உயர் நீதிமன்றத்திடம் கேளுங்கள். அந்த விவரத்தைக் கையெழுத்தோடு விண்ணப்பத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.